தாய்மார் இறப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பெண்கள் இறப்பதைப் பற்றி எங்கே பேசப் போனாலும் எனக்கு வருவது அநேகமாக அதே சந்தேகங்கள்தான். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. தாய்மார் இறப்புன்னா பிரசவ நேரத்துல இறக்கிறதுதானே?

அது ஒரு பகுதிதான். கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் வந்த அல்லது கர்ப்பத்தால் முற்றிய ஒரு காரணத்தால் பெண் இறந்தால், உலக சுகாதார நிறுவனம் அதைத் தாய்மார் இறப்பு என்று கணக்கிடுகிறது. கர்ப்பம் எப்படி முடிந்தது என்பது பொருட்டில்லை. பிரசவம், கருச்சிதைவு, கருக்கலைப்பு, கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியது எல்லாமே சேரும். சாலை விபத்தில் இறந்த கர்ப்பிணி இந்தக் கணக்கில் வரமாட்டார். ஏற்கெனவே இதய நோய் இருந்து, கர்ப்பத்தின் சுமையை அந்த இதயம் தாங்காமல் இறந்தவர் வருவார்.

42 நாள் தாண்டி ஒரு வருடத்துக்குள் நடப்பவை 'பிந்திய தாய்மார் இறப்பு' என்று தனியாகக் குறிக்கப்படுகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் நடக்கும் தற்கொலையும் தாய்மார் இறப்பாகப் பதியப்பட வேண்டும் என்று 2012-இல் வந்த வகைப்பாடு சொல்கிறது. பிரிட்டனில் பிரசவமாகி ஆறு வாரத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் நடக்கும் தாய்மார் இறப்புகளில் முன்னணிக் காரணம் தற்கொலைதான்.

2. "லட்சத்துக்கு 200"னு சொல்றாங்களே, எந்த லட்சம்?

உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதுதான் அந்த விகிதம். 2023-இல் உலக அளவில் அது 197. வசதி குறைந்த நாடுகளில் 346, வசதியான நாடுகளில் 10.

இந்த விகிதம் ஒரு கர்ப்பத்துக்கு உள்ள ஆபத்தைக் காட்டுகிறது. பல முறை கர்ப்பமாகிற இடத்தில் ஆபத்தும் அத்தனை முறை வருகிறது. அதனால் வாழ்நாள் ஆபத்து என்று இன்னொரு கணக்கும் உண்டு. இன்று 15 வயதில் இருக்கும் ஒரு பெண் என்றாவது தாய்மைக் காரணத்தால் இறக்கும் வாய்ப்பு, வசதியான நாடுகளில் 7,933-இல் ஒன்று. வசதி குறைந்த நாடுகளில் 66-இல் ஒன்று. இரண்டு வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளை எண்ணிப் பார்த்தால், அதில் ஒருத்தி.

3. இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை இல்லையா? இப்பவுமா நடக்குது?

2023-இல் மட்டும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 700-க்கும் மேல். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். நைஜீரியாவில் மட்டும் சுமார் 75 ஆயிரம். எண்ணிக்கையில் அடுத்த இடங்களில் இந்தியாவும் காங்கோ ஜனநாயகக் குடியரசும் இருக்கின்றன, தலா சுமார் 19 ஆயிரம்.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2000-இல் உலக விகிதம் 328 ஆக இருந்தது. 23 வருடத்தில் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் 2016-க்குப் பிறகு அந்த வேகம் தளர்ந்துவிட்டது.

4. அப்படி எதனால இறக்கிறாங்க?

முதல் காரணம் ரத்தப்போக்கு, கால் பங்குக்கும் சற்று மேல். அடுத்து கர்ப்ப காலத்து உயர் ரத்த அழுத்தமும் அதனால் வரும் வலிப்பும். அப்புறம் கிருமித் தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, நுரையீரல் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைப்பது. மீதியில் பெரும்பகுதி மறைமுகக் காரணங்கள்: ரத்தசோகை, மலேரியா, எச்.ஐ.வி., இதய நோய், நீரிழிவு போல, கர்ப்பத்தோடு சேர்ந்து முற்றுகிறவை.

5. ரத்தப்போக்குல அவ்வளவு சீக்கிரமாவா உயிர் போகும்?

போகும். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்களின் வாய் திறந்துவிடும். அவற்றை மூடுவது கர்ப்பப்பையின் தசைதான். அது இறுகச் சுருங்கும்போது ஊடே போகும் குழாய்கள் நெரிபட்டு அடைபடுகின்றன. தசை சோர்ந்து தொளதொளவென்று இருந்துவிட்டால் குழாயை மூட ஆளில்லை.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு மகப்பேறு நலத் திட்டங்களில் காலங்காலமாகப் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போக ஆகும் சராசரி நேரம் இது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால் 2 மணி நேரம். பிரசவத்துக்கு முன் ரத்தப்போக்கு 12 மணி. கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாள். வலிப்பு என்றால் 2 நாள். தொற்று என்றால் 6 நாள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தக் கணக்கை வையுங்கள். இனி வரும் பதில்களில் பாதி, அந்த 2 மணி நேரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றித்தான்.

6. மருந்து இல்லையா? இருந்தும் ஏன் காப்பாத்த முடியல?

மருந்து இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், 1950-களில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டதிலிருந்தே இருக்கிறது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் மலிவான உப்பு. 33 நாடுகளில் சுமார் 10 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு, அது வலிப்பு ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 2002-இலேயே காட்டியது. ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர் உடாகோ ஒகமோட்டோ தன் கணவரோடு சேர்ந்து 1960-களில் கண்டறிந்த ட்ரானெக்சாமிக் ஆசிட், ரத்தப்போக்கு தொடங்கி 3 மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் சாவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். 20 ஆயிரம் பெண்களிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு இதை உறுதிசெய்தது.

தடை வருவது மருந்துக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தில். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிற்கிற ஊரில் அது பாட்டிலில் இருக்கும், வேலை செய்யாது. இதற்காகத்தான் வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியையும், குளிர்ப்பெட்டி தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையையும் கொண்டுவந்தார்கள்.

அடுத்தது, ரத்தம் அதிகம் போகிறது என்று கண்டுபிடிப்பது. துணியிலும் தரையிலும் பரவிய ரத்தத்தைக் கண்ணால் அளந்தால் குறைவாகத்தான் தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டிய உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைந்தது. வழக்கமான முறையில் பாதிப் பேருக்குத்தான் ரத்தப்போக்கு என்றே தெரிந்தது, விரிப்பு வைத்தபோது பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு செய்த வேலை இது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் அடங்குவதில்லை.

7. "மூணு தாமதம்"னு சொல்றாங்களே, அது என்ன?

1994-இல் தடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய விளக்கம். முதல் தாமதம், போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில். அறிகுறி புரியாமல் இருக்கலாம், 'அவர் வரட்டும்' என்று கணவருக்காகக் காத்திருக்கலாம், செலவுக்குப் பயந்திருக்கலாம். இரண்டாவது, போய்ச் சேருவதில்: சாலை, வண்டி, ஆறு, இரவு. மூன்றாவது, போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில்: மருத்துவர் இல்லை, ரத்தம் இல்லை, முதலில் பணம் கட்டு என்கிறார்கள், இங்கே முடியாது, அடுத்த ஊருக்குப் போ என்கிறார்கள்.

கேள்வி 5-இல் சொன்ன 2 மணி நேரத்தை இந்த மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீட்டில் ஒரு மணி, வழியில் ஒரு மணி போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு மிச்சம் எதுவுமில்லை. சில நாடுகள் இரண்டாவது தாமதத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகின்றன. கியூபா 1962 முதல், தொலைவில் வாழும் கர்ப்பிணிகளைக் கடைசி வாரங்களில் மருத்துவமனைக்கு அருகில் உள்ள காத்திருப்பு இல்லங்களில் தங்க வைக்கிறது. பிற்பாடு ஆப்பிரிக்க நாடுகள் பலவும் இதைச் செய்தன.

8. மாசா மாசம் செக்கப் ஒழுங்கா போனா ஒண்ணும் ஆகாதில்ல?

கட்டாயம் போக வேண்டும். ரத்த அழுத்தம், ரத்தசோகை, நீரிழிவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது எல்லாம் அங்கேதான் தெரியவரும். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் குறைந்தது எட்டு முறை பார்க்கச் சொல்கிறது. ரத்தசோகையைச் சரிசெய்வது மிக முக்கியம். உடம்பில் ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்கு அந்த 2 மணி நேரம் கூடக் கிடைக்காது.

ஆனால் செக்கப்பால் யாருக்கு ரத்தப்போக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 'ஆபத்து உள்ளவர், இல்லாதவர்' என்று பிரித்துவிட்டு, ஆபத்து உள்ளவரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போதும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். பலிக்கவில்லை. சிக்கலில் மாட்டிய பெண்களில் மிகப் பலர் 'எல்லாம் நார்மல்' பட்டியலில் இருந்தவர்கள். அதனால்தான் இப்போது ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவசரச் சிகிச்சை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

9. எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தாங்க, ஊர்ப் பாட்டிதான் பிரசவம் பார்த்தாங்க. நல்லாத்தானே இருந்தாங்க?

இருந்தார்கள், ஏனென்றால் பெரும்பாலான பிரசவங்கள் நல்லபடி முடியும். பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இதைச் சொல்கிறோம். முதல் பிரசவத்திலேயே போனவருக்காகச் சொல்ல யாருமில்லை.

1970, 80-களில் பல நாடுகள் ஊர் மருத்துவச்சிகளுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தன. சுத்தம் கூடியது, தாய்மார் இறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அவர்கள் கையில் ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை, அனுப்பி வைக்க ஓர் ஆஸ்பத்திரியும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மறுபக்கம், முறையாகப் படித்து, உரிமம் பெற்ற மருத்துவச்சிகளை ஊர் ஊராக வைத்த ஸ்வீடனில், பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் நடந்த 1900 வாக்கிலேயே, தாய்மார் இறப்பு இங்கிலாந்தில் இருந்ததில் பாதிதான்.

10. சரி, எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டா முடிஞ்சுது?

பாதி வேலை முடிந்தது. இந்தியா 2005-இல் ஜனனி சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கி, மருத்துவமனைக்கு வந்து பிரசவிக்கும் பெண்களுக்குப் பணம் கொடுத்தது. 2005-06-இல் 39 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21-இல் 89 சதவீதமானது. இறப்பும் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் 2019-21-இல் கேரளத்தில் விகிதம் 20, அசாமில் 167. கட்டடத்துக்குள் வந்த பிறகு கிடைப்பது இடத்துக்கு இடம் வேறு.

மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தால் போதாது. ஊசி வழி ஆன்டிபயாட்டிக், ஆக்ஸிடோசின், மக்னீசியம் சல்ஃபேட், ஒட்டிய நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, தங்கிய துணுக்குகளை அகற்றுவது, கருவி போட்டுக் குழந்தையை எடுப்பது, மூச்சு விடாத சிசுவை மூச்சு விட வைப்பது ஆகிய ஏழும் அடிப்படை. சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால்தான் முழுமை. 5 லட்சம் மக்களுக்கு இப்படி ஐந்து இடமாவது, அதில் ஒன்றாவது முழுமையானதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு.

11. நாடு பணக்கார நாடா மாறினா தானா குறைஞ்சிடும்ல?

இந்த நம்பிக்கைதான் நிறைய அரசுகளைக் கைகட்டி உட்கார வைத்தது. இங்கிலாந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை செல்வத்தில் பல மடங்கு வளர்ந்தது. குழந்தை இறப்பு விழுந்தது. தாய்மார் இறப்பு மட்டும் லட்சத்துக்கு நானூறு ஐந்நூறு என்று அசையாமல் நின்றது. சொல்லப்போனால் 1930-களின் தொடக்கத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைப் பெண்களைவிட அதிகம் இறந்தார்கள். அவர்களுக்குத்தான் தேவையில்லாமல் ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் வந்தார்கள். 1935-க்குப் பிறகு கிருமித் தொற்றைக் குணமாக்கும் சல்ஃபா மருந்துகள், பிறகு ரத்த வங்கி, பென்சிலின் என்று வந்ததும் சில வருடங்களிலேயே எண்ணிக்கை சரிந்தது.

இலங்கையைப் பாருங்கள். 1930-களில் விகிதம் 2,000-ஐத் தாண்டியிருந்தது, மலேரியாவும் சேர்ந்து வாட்டியது. ஏழை நாடாக இருந்தபோதே கிராமம் கிராமமாக மருத்துவிச்சிகளை நியமித்தார்கள், சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கவில்லை, மலேரியாவை ஒடுக்கினார்கள், பெண்களைப் படிக்க வைத்தார்கள். 1950-களில் 500 அளவுக்கு இறங்கி, பிறகு பத்து வருடத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய பாதியானது. தன்னைவிடப் பல மடங்கு வசதியான நாடுகளை அது தாண்டிப் போனது.

12. டாக்டரே இல்லாத ஊர்ல சிசேரியன் யார் பண்றது?

மொசாம்பிக் இதற்கு 1984-லேயே ஒரு பதில் சொன்னது. உள்நாட்டுப் போர், மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். மருத்துவர் அல்லாத சுகாதார ஊழியர்களுக்கு அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட மருத்துவமனைகளில் பெரிய பிரசவ அறுவைச் சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அவர்களே செய்தார்கள், முடிவுகள் மருத்துவர்கள் செய்ததற்கு ஈடாகவே இருந்தன. அவர்கள் கிராமத்தைவிட்டு நகரத்துக்கு ஓடவும் இல்லை. எத்தியோப்பியா, மலாவி, தான்சானியாவிலும் இப்படி நடக்கிறது. இது தரம் குறைந்த ஏற்பாடு என்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது நல்ல மருத்துவர் இல்லை, யாருமே இல்லாத அறை.

13. அப்ப சிசேரியன் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லதுதானே?

ஒரு அளவு வரைக்கும். நாட்டில் நூற்றில் பத்துப் பிரசவம் வரை சிசேரியன் கூடும்போது தாய்மார் இறப்பு குறைகிறது. அதற்கு மேல் கூடுவதற்கும் இறப்பு குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. லத்தீன் அமெரிக்காவில் நூற்றில் நாற்பதைத் தாண்டிவிட்டது, சஹாராவுக்குத் தெற்கே ஐந்து. முந்தைய வடு உள்ள கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு, அது மறுபடி ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும்.

14. கருத்தடை, கருக்கலைப்பு எல்லாம் இதுல ஏன் வருது?

வேண்டாத நேரத்துக் கர்ப்பம் குறைந்தால், கேள்வி 2-இல் சொன்ன வாழ்நாள் ஆபத்து அப்படியே குறையும். மிகச் சிறு வயதிலும், அடுத்தடுத்தும் கர்ப்பமாவதும் குறையும்.

கருக்கலைப்புக்கு ருமேனியாவைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. 1966-இல் அரசு அதைத் தடை செய்தது. பெண்கள் கருக்கலைப்பை நிறுத்தவில்லை, மறைவாகச் செய்துகொண்டு இறந்தார்கள். 1989 வாக்கில் விகிதம் 170 அளவுக்குப் போய், ஐரோப்பாவிலேயே மிக மோசமாக இருந்தது. இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் கருக்கலைப்பால் இறந்தவர்கள். அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை நீங்கியது. அடுத்த ஒரே வருடத்தில் தாய்மார் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அந்த ஒரு வருடத்தில் நாடு பணக்கார நாடாகவில்லை, புது ஆஸ்பத்திரிகள் முளைக்கவில்லை.

15. அமெரிக்காவுலயே அதிகமாமே? அங்க எது இல்லை?

2021-இல், கொரோனா காலத்தில், 32.9 வரை போனது. 2023-இல் 18.6-க்கு இறங்கியது. அதே வருடம் கறுப்பினப் பெண்களிடையே 50.3, வெள்ளையினப் பெண்களிடையே 14.5. பாதிக்கும் மேற்பட்ட இறப்புகள் பிரசவமாகி ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு நடக்கின்றன. 'எனக்கு என்னமோ செய்யுது' என்று பச்சை உடம்புக்காரி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காதது அங்கே திரும்பத் திரும்ப வரும் குறை. கேள்வி 7-இன் மூன்றாவது தாமதத்துக்கு ஏழை நாடு, பணக்கார நாடு கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 முதல் அங்கே இறப்புச் சான்றிதழில் 'கர்ப்பமாக இருந்தாரா' என்ற கட்டம் படிப்படியாகச் சேர்ந்தது. அதனால் முன்பு விடுபட்டவை கணக்கில் வந்தன, சில தவறாகவும் சேர்ந்தன. எண் ஏறியதில் ஒரு பங்கு இதனால். ஆனால் கலிஃபோர்னியா, ரத்தப்போக்குக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் தயாராக வைப்பது, ஒத்திகை பார்ப்பது போன்ற வேலைகளால் 2006-க்கும் 2013-க்கும் இடையில் தன் விகிதத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது.

16. இறந்ததுக்கு அப்புறம் விசாரணை வெச்சு என்ன பிரயோஜனம்? யார் மேலயாவது பழி போடத்தானே?

பழி போட்டால் பிரயோஜனம் இல்லை என்பது உண்மை. தண்டனை வரும் என்று தெரிந்தால் ஆவணம் மாறும், பெண்ணைக் கடைசி நிமிடத்தில் வேறு மருத்துவமனைக்குத் தள்ளிவிடுவார்கள், இறப்பு வேறு தலைப்பில் பதிவாகும். இங்கிலாந்தும் வேல்ஸும் 1952-இல் தொடங்கிய ரகசிய விசாரணை இதை உணர்ந்து நடந்தது. பெயர் இல்லாமல் ஒவ்வொரு இறப்பையும் படித்து, எங்கே தடுத்திருக்கலாம் என்று மட்டும் எழுதுவார்கள். மலேசியாவும் இலங்கையும் தங்கள் பாணியில் இதைச் செய்தன. ஆம்புலன்ஸ் 40 நிமிடம் தாமதமாக வந்ததா, ரத்த வங்கி இரவில் பூட்டியிருந்ததா என்பது இப்படித்தான் தெரியவரும்.

17. பிறப்பு இறப்புப் பதிவே சரியில்லாத நாட்டுக்கு எப்படி எண் சொல்றாங்க? நம்பலாமா?

கணக்கெடுப்பில் வீட்டில் இறந்த பெண்களைப் பற்றிக் கேட்பார்கள். 'உங்கள் உடன்பிறந்த சகோதரிகளில் யாராவது கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறந்தார்களா' என்று கேட்டுக் கணக்கிடும் முறையும் உண்டு. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பீடு வரும், கூடவே 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்று ஒரு வீச்சும் வரும். ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டோடு நுணுக்கமாக ஒப்பிட வேண்டாம், திசையைப் பாருங்கள். அதோடு, ஒரு நாடு நன்றாக எண்ணத் தொடங்கினால் எண் முதலில் ஏறும். ஏறியதற்காக அதைத் திட்டினால் அடுத்த முறை எண்ணமாட்டார்கள்.

18. 2030-க்குள்ள லட்சத்துக்கு 70-ன்னு இலக்கு வெச்சாங்களே, நடக்குமா?

இப்போதைய வேகத்தில் நடக்காது. 2030-க்குள் எட்ட வேண்டுமானால் வருடத்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம் குறைய வேண்டும், 2000-இலிருந்து சராசரியாகக் குறைந்தது 2 சதவீதத்தை ஒட்டித்தான். கொரோனா காலத்தில், 2021-இல் மட்டும், முந்தைய வருடத்தைவிட சுமார் 40 ஆயிரம் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். போர் நடக்கும் நாடுகளில் நிலைமை இன்னும் கடினம். 2025-இல் வெளிநாட்டு உதவிப் பணம் வெட்டப்பட்டு, பல நாடுகளில் மகப்பேறு நிலையங்கள் மூடப்பட்டு, மருந்து வரத்து நின்றதையும் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

19. கையில பணம் குறைவுன்னா, முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்னு நினைக்கிறீங்க?

இது என் சொந்தக் கருத்து. முதலில் மருத்துவச்சிகளின் சம்பளம், தவறாமல், மாதாமாதம். அடுத்து குளிர்ப்பெட்டி, அதற்கு மின்சாரம். அடுத்து இரவு இரண்டு மணிக்கும் கிளம்பும் வண்டி, டீசல் போட்ட நிலையில். அடுத்து ரத்தம்: மாவட்டத்துக்கு ஒரு சேமிப்பு, அதை இரவிலும் திறக்க ஓர் ஆள். சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பதை நிறுத்துவதை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். முதல் தாமதம் அந்தக் கட்டணத்தில்தான் தொடங்குகிறது. புதிய கட்டடம் என் பட்டியலில் கடைசி.